பிடியில் இருக்கும் கோப்புகள்

முப்பத்தெட்டு என்பது முப்பத்தெட்டாகவே நின்றது. குமாஸ்தா கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மேலே ஒரு நீளமான ஆங்கிலப் பெயர், கீழே ஓர் எண், அதன் பக்கத்தில் சதவீதக் குறி. பள்ளிக்கூட அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபத்திரண்டு. பன்னிரண்டு ஐம்பதுக்கு மதுரை வண்டி ஊர் ஸ்டேஷனுக்கு வரும். இரண்டு நிமிஷம் நிற்கும். இன்ஜினிலிருந்து நாலாவது பெட்டியில் அக்கா இருப்பாள். இங்கிருந்து ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் பதினாலு நிமிஷம், அதுவும் ரயில்வே கேட் திறந்திருந்தால். கேட்டைப் பன்னிரண்டு நாற்பதுக்குச் சாத்திவிடுவான். ஆகையால் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இந்த நாற்காலியை விட்டு எழுந்தாக வேண்டும். இன்னும் அறுபத்துமூன்று நிமிஷம் இருக்கிறது. நூறில் முப்பத்தெட்டு போனால் பாக்கி அறுபத்திரண்டு. நிமிஷத்துக்கு ஒன்று என்று ஏறினால்கூட ஒரு நிமிஷம் மிச்சம். ஆனால் அது அப்படி ஏறவில்லை. முப்பத்துநாலிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஒரே தாவலாகத் தாவிவிட்டு, ஆறு நிமிஷமாக நடுரோட்டில் படுத்த எருமை மாதிரி கிடக்கிறது. எழுந்து போய்விட்டால் என்ன? போக முடியாது. கரண்ட் போனால் யூ.பி.எஸ். எட்டு நிமிஷம்தான் தாங்கும். அதற்குள் பின்கட்டில் இருக்கும் ஜெனரேட்டரைக் கைப்பிடி மாட்டிச் சுற்றிக் கிளப்ப வேண்டும். அது லேசில் கிளம்பாது. அரைச் சுற்று சுற்றி, நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு ஒரே வீச்சில் முழுச் சுற்று. பியூன் பிச்சைமணி கல்வி அலுவலகத்துக்குத் தபால் கொண்டுபோயிருக்கிறான், மூன்று மணிக்குத்தான் திரும்புவான். டீச்சர்கள் எல்லாரும் வகுப்பில். இந்தக் கட்டடத்தில் அந்த அரைச் சுற்றும் முழுச் சுற்றும் தெரிந்த ஆள் தான் ஒருவர்தான் என்று அவர் வெகுநாளாக நினைத்து வந்தார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு. இன்றைக்கு அந்தப் பெருமை காலில் கட்டிய கல்லாக இருந்தது.

காலையில் எட்டரைக்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிந்தா மதார் வந்துவிட்டான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இருநூற்றுப் பதினாலு பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் நாளை மறுநாள் போய்ச் சேர வேண்டும், இந்த இயந்திரமோ ஒரு பெயரைத் திறக்க நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது. மதார் திறந்து பார்த்துவிட்டு, “உள்ள எல்லாம் துண்டு துண்டா செதறிக் கெடக்கு அண்ணாச்சி, ஒதுங்க வச்சாச் சரியாயிரும்” என்று ஏதோ ஒன்றை ஓடவிட்டான். திரையில் ஒரு நீளப் பட்டை வந்தது. சிதறிக் கிடப்பது சிவப்பு, சேர்ந்திருப்பது நீலம், காலி இடம் வெள்ளை என்று அவன் சொல்லச் சொல்ல, சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து நீலம் ஒரு பக்கமாகக் கூடிக்கொண்டே வந்தது. பார்க்க நன்றாக இருந்தது, கலைந்து கிடந்த பீரோவை ஒருத்தி நிதானமாக அடுக்குவதுபோல. ஆனால் நடுநடுவே பச்சையாகச் சில கோடுகள். அவை மட்டும் அசையவில்லை. கோமதிநாயகம் எண்ணினார், பத்தொன்பது. மற்றதெல்லாம் அவற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வழிந்து போயின, பச்சை மட்டும் வெள்ளைக்கு நடுவில் தனியாக நின்றது. “இந்தப் பச்சைய ஏன் தம்பி விட்டுட்டு விட்டுட்டுப் போவுது?” என்று கேட்டார். “அது சிஸ்டம் கையில பிடிச்சிருக்குற ஃபைலு. அதைத் தொடாது.” “தொட்டா?” “தொட விடாது அண்ணாச்சி. இப்ப நீங்க ரிஜிஸ்தர்ல எழுதிட்டிருக்கீய. நான் வந்து அதை வெடுக்குனு உருவி அடுத்த பீரோவுல வச்சா என்ன ஆவும்? உங்க பேனா மேஜையில எழுதும். அதான், பிடிச்சவன் விடுற வரைக்கும் அந்த ஃபைலுக்குப் பூட்டு. இந்த சாப்ட்வேரு போய்க் கேக்கும். பூட்டிருக்குன்னு பதில் வந்தா சண்டை போடாது, சுத்திப் போயிரும். கடைசியில, இன்ன இன்ன ஃபைலை நகத்த முடியலன்னு ஒரு லிஸ்டு மட்டும் குடுத்துரும்.” அப்படியே ஆயிற்று. லிஸ்டில் நாலு பெயர்கள். அதில் ஒன்று பன்னிரண்டு துண்டாகக் கிடந்தது. “இதுதான் பெரிய ஆளு. கம்ப்யூட்டருக்கு ஞாபகம் பத்தலேன்னா இதுல எழுதி வச்சுக்கிடும். ஓடுற வரைக்கும் இதைக் கைய விட்டு விடவே விடாது” என்றான் மதார். “அப்ப வழியே இல்லையா?” “ஏன் இல்லாம? பாயில உக்காந்து சாப்பிடுற ஆளைப் பாயோட இழுக்க முடியாது. தூங்குற ஆளை இழுக்கலாம்லா? அடுத்த மட்டம் சிஸ்டம் எந்திரிக்கும்போது, அது முழுசா முழிச்சு எல்லாத்தையும் கையில எடுக்கிறதுக்கு முன்னால, இந்த நாலையும் தூக்கி ஒழுங்கா வச்சிரும். இப்பவே சீட்டு எழுதிப் போட்டுருதேன்.” சீட்டு எழுதினான், அணைத்தான், போட்டான். கறுப்புத் திரை வந்தது. பத்து எண்ணுவதற்குள் ஏதாவது ஒரு சாவியை அழுத்தினால் நிறுத்திவிடலாம் என்று அது கேட்டது, பத்தும் ஒன்பதும் எட்டும் போயின, யாரும் அழுத்தவில்லை. “இனி இதை நிறுத்த முடியாது. இடையில கரண்ட் மட்டும் போயிரக் கூடாது. பேர்ப்பட்டியலைப் பென் டிரைவுல எடுத்துட்டேன், ஆனா சிஸ்டம் படுத்துச்சுன்னா எழுப்ப ரெண்டு நாள் ஆவும். பக்கத்துலயே இருந்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, வேறொரு இடத்தில் வேலை இருக்கிறது என்று வண்டியை உதைத்தான். கோமதிநாயகம் “சரி” என்றார்.

அந்தச் ‘சரி’யில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. அந்த இடத்தில், ‘தம்பி, பன்னிரண்டரைக்கு எனக்கு வெளியே ஒரு வேலை இருக்கு’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு வார்த்தை. வாய் வரை வந்தது. மதார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டிய ஆளைக் கழற்றச் சொல்வதாகிவிடுமே என்று ஒரு கணம் தயங்கியதில் வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. எப்போதும் இப்படித்தான். எதிரே இருப்பவர் எதையாவது செய்துகொண்டிருப்பார், அது முடியட்டும் என்று இவர் காத்திருப்பார், முடிகிறபோது அவர் போய்விட்டிருப்பார். காலையில் வீட்டில் பிரமு தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள், “மதினியப் பாக்கப் போவியளா மாட்டியளா?” இவர் “பாப்போம்” என்றார். “என்னத்தப் பாப்போம்? வண்டி உங்களப் பாத்துக்கிட்டா நிக்கும்?” அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் அவளுக்கும் பாப்போமின் அர்த்தம் தெரிந்துபோயிருந்தது. நாற்பத்துநாலு. எண் எப்போது மாறியது? கண்ணை எடுத்த நேரத்தில் மாறியிருக்கிறது. பார்க்கும்போது மாறுவதில்லை. பார்க்காமல் இருந்தால் மாறும் என்றால் பார்க்காமல் இருக்கலாம். ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். யாரும் இல்லாத மைதானத்தில் கைப்பந்து வலை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. அதை இழுத்துக் கட்ட வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை நினைத்தது. பதினொன்று முப்பத்தாறு.

நேற்று சாயங்காலம் ஆறு பத்துக்குப் போன் வந்தது. பெயர் வரவில்லை, எண் மட்டும். எடுத்ததும் “நான்தான்” என்றாள். பதினோரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு ‘நான்தான்’ என்று ஆரம்பிக்க உலகம்மாளால்தான் முடியும். “செண்பகத்துகிட்டப் போறேன், புனேக்கு. வீட்டைக் காலி பண்ணியாச்சு. இனி இந்தப் பக்கம் வாறதுக்கு இல்ல. நாளைக்குத் தென்காசியில மதுரை வண்டி ஏறுதேன், மதுரையில செண்பகம் வந்து கூட்டிக்கிடுவா. உங்க ஊர்ல பன்னெண்டு அம்பது. இன்ஜின்லருந்து நாலாவது பெட்டி. நீ வரணும்னு சொல்லல. தகவல் சொல்லுதேன்.” அவ்வளவுதான். போன் முடிந்ததும் திரையில் நாற்பத்தெட்டு வினாடி என்று காட்டியது. அந்த நாற்பத்தெட்டில் இவர் நாலு முறை ‘ம்’ கொட்டியிருந்தார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. சளியா, வயசா? அறுபத்தாறு முடிந்து அறுபத்தேழு நடக்கிறது அவளுக்கு. இவருக்கு ஐம்பத்தேழு. ஒன்பது வருஷம் மூத்தவள், இவர் குழந்தையாக இருந்தபோது இவரைச் சுமந்துகொண்டு தெருவெல்லாம் சுற்றிய இடுப்பு அவளுடையது. ஆற்றில் குளிக்கும்போது இவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டுதான் தான் முங்குவாள், தம்பியை ஆறு இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று. தலை வலிக்கும். விடு அக்கா என்று இவர் ஒரு நாளும் சொன்னதில்லை. தண்ணீரை நினைத்ததும் அடிவயிறு முட்டியது. ஒன்பது மணிக்கு மதாருடன் குடித்த டீ. அலுவலகத்தின் பின்பக்கம் கழிப்பறைக்குப் போய் வர மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தில் கரண்ட் போனால் எட்டில் மூன்று போய்விடும், ஐந்து இருக்கும், ஐந்து போதும். போதுமா? முதல் சுற்றில் கிளம்பாவிட்டால்? அவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். டியூப் லைட் ஒரு முறை சிமிட்டியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் வேகம் குறையவில்லை. ஒன்றுமில்லை, பக்கத்து ரைஸ் மில்லில் மோட்டார் போட்டிருப்பார்கள். ஐம்பத்திரண்டு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகள் செண்பகத்தின் கல்யாணம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டித்தான் பெண்ணை மணைக்கு அழைத்துப் போக வேண்டும். அவளுக்கு இவர் ஒருவர்தான் மாமன். இவர் லீவு விண்ணப்பம் எழுதினார், ‘என் உடன்பிறந்த சகோதரியின் மகள் திருமணத்தை முன்னிட்டு இரண்டு நாள்கள்’ என்று நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஹெச்.எம். ஹெப்சிபா டீச்சர் யாருடனோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், கோபமோ என்னவோ. செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். புதன்கிழமை டீச்சருக்குத் தலைவலி, தைலம் மணத்தது. வியாழக்கிழமை இவர் டீச்சரின் அறைவாசல் வரைக்கும் போய் நின்றார், டீச்சர் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், முப்பது முப்பத்தைந்து தாள் இருக்கும், கடைசித் தாள் வரட்டும் என்று நின்றார், கடைசித் தாள் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை முகூர்த்த நேரத்தில் இதே நாற்காலியில் உட்கார்ந்து காலாண்டுத் தேர்வு வினாத்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு, “லீவு தரலக்கா, பரீட்சை நேரம்” என்றார். அவள் “சரி” என்றாள். கல்யாணத்துக்குப் போய்வந்த பிரமு, சேலையைக்கூட மாற்றாமல் வந்து முன்னால் நின்று சொன்னாள், “மாமன் ஸ்தானத்துல மணையில ஒரு தேங்காயை வச்சாவ. மஞ்சள் பூசி. அந்தப் பிள்ளை அதைக் கும்பிட்டுட்டு எந்திரிச்சுது.” அந்தச் சட்டையைப் பிரமு விண்ணப்பத்தோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். பையில் நீலம் பரவிவிட்டது. முப்பத்தொரு வருஷ வேலையில் அவர் எடுத்த லீவு மொத்தம் ஒன்பது நாள். ஒன்பதும் காய்ச்சல். காய்ச்சலுக்குக் கேட்க வேண்டாம், தானே தெரிந்துவிடும். அதற்கப்புறம் அக்காவிடமிருந்து போன் இல்லை, இவரும் போடவில்லை. போட்டால் என்ன சொல்வது? லீவு தரல என்று சொல்லியாகிவிட்டது. சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும் என்றால் பேசாமல் இருக்க வேண்டும்.

அறுபத்தொன்று. மணி பன்னிரண்டு நாலு. ஹெச்.எம். அறை இங்கிருந்து பதினேழு எட்டு நடை. டீச்சர் இருக்கிறார், இருமல் கேட்டது. போய்ச் சொன்னால் என்ன? ‘டீச்சர், ஒரு அரை மணி நேரம் வெளியே போய்விட்டு வருகிறேன்.’ கூடாது, வருகிறேன் என்பது முடிவாகச் சொல்வதுபோல இருக்கிறது. ‘போய்விட்டு வரலாமா டீச்சர்?’ ஏன் என்று கேட்பார்கள். அக்கா வருகிறாள். எங்கே? ஸ்டேஷனுக்கு. வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டியதுதானே? இல்லை, அவள் வண்டியில் போகிறாள். போகிற வண்டியைப் பார்க்கவா போகிறீர்கள், அதுவும் கம்ப்யூட்டரை இப்படி விட்டுவிட்டு? அப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் நியாயம்தான். அவர் எழுந்தார். மூட்டு இரண்டும் சடக்கென்றன. வராந்தாவில் ஏழாவது எட்டில், பக்கத்து வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை ஒரே வரியைத் தப்பாகப் படித்துப் படித்து டீச்சரிடம் மாட்டிக்கொண்டிருந்தது, இவருக்கு அந்தப் பிள்ளைக்காக உள்ளங்கை வேர்த்தது. பதினேழாவது எட்டில் கதவு. ஹெப்சிபா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன சார்?” எல்லாம் தயாராக இருந்தது, முதல் சொல் எது என்பது மட்டும் கிடைக்கவில்லை. “ஒண்ணுமில்ல டீச்சர். அறுபத்தொண்ணு வந்திருக்கு.” “அப்படியா, நல்லது சார்” என்றார், எது அறுபத்தொன்று என்று தெரிந்த மாதிரி. கோமதிநாயகம் திரும்பி நடந்தார். திரும்பும்போது பதினாறு எட்டுதான் ஆயிற்று. நாற்காலி சூடாக இருந்தது. அவரை யாரும் கட்டிப் போடவில்லை. அறைக்குப் பூட்டு கிடையாது, கதவுக்குக் கொண்டிகூடச் சரியாக விழாது. ஆனால் யாரோ ஒருவர் எப்போதும் அவரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் அவர் இருந்து வந்தார். யார் என்று திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்து, அங்கே யாரும் இல்லாமல் போய்விட்டால்?

அந்த நினைப்பு எங்கிருந்தோ வந்து குறுக்கே விழுந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். பெயர்ப்பட்டியலை நினைத்தார், நூற்று எழுபதாம் எண் பிள்ளைக்குப் பிறந்த தேதி இரண்டு விதமாக இருக்கிறது, சரிபார்க்க வேண்டும். பிச்சைமணி தபாலைச் சேர்த்திருப்பானா? அடிவயிறு. அக்கா இப்போது எந்த இடத்தில் இருப்பாள்? தென்காசியில் ஏறியிருப்பாள், ஜன்னலோரம் கிடைத்திருக்காது, கேட்டு வாங்கியிருப்பாள், அவள் கேட்பாள், அவளுக்குக் கேட்க வரும். அம்மா எல்லாக் கேட்பதையும் அவளுக்கே கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு இருபத்தொன்று. எழுபத்துநாலு. இன்னும் நாலு நிமிஷத்தில் இருபத்தாறு ஏறாது, அது உறுதி. உறுதியானதும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அவருக்குத் தெரிந்த நிம்மதி. அந்த வியாழக்கிழமை மணி அடித்தபோதும் இதே நிம்மதிதான் வந்தது: இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அப்படியானால் அன்றைக்கு அவருக்குப் பயம், டீச்சர் தரமாட்டார் என்றா? தந்துவிடுவார் என்றா? தந்திருந்தால் போயிருக்க வேண்டும், நானூறு பேருக்கு முன்னால் பந்தலில் நடந்து போய்ப் பட்டம் கட்ட வேண்டும், எல்லார் கண்ணும் இவர் விரல் மேல் இருக்கும், நடுங்கும், முடிச்சு விழாது. கடவுளே. கறுப்புத் திரையில் ஒரு முகம் தெரிந்தது, அது அவருடையது. பன்னிரண்டு இருபத்தைந்து ஆயிற்று. அவர் எழவில்லை. இருபத்தாறு. இனி கேட் சாத்துவதற்குள் போக முடியாது. இருபத்தேழு. இப்போது தென்காசிக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஏதோ ஒரு வயலைத் தாண்டி அவள் வந்துகொண்டிருக்கிறாள். பிளாட்பாரத்தில் இவரைத் தேட மாட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தேடாத மாதிரி இருப்பாள். இருபத்தெட்டு. எழுபத்தொன்பது. இருபத்தொன்பது.

கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்தியது. திரை அணையவில்லை, எழுபத்தொன்பது அப்படியே இருந்தது. கோமதிநாயகம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். ஐம்பத்தேழு வயசில் வராந்தாவில் ஓடியது அதுதான் முதல் தடவை. அரைச் சுற்று, மூச்சு, முழுச் சுற்று என்று வாய் சொல்லிக்கொண்டே போயிற்று. பின்கட்டை அடைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட ஆயா சண்முகத்தாய், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி, கைப்பிடியைச் சுவரில் சாத்திவைத்துக்கொண்டிருந்தாள். “என்ன சார், இப்படி எரைக்க எரைக்க ஓடியாறிய? பாம்பு கீம்பா?” “கரண்ட்டு…” “போட்டாச்சுலா. நீங்க வங்கிக்குப் போற அன்னைக்கெல்லாம் நாந்தான போடுதேன். பிச்சைமணிக்கு இது கிளம்பவே கிளம்பாது, உதைப்பான். எங்கிட்ட ஒரே சுத்து.” “அரைச் சுத்து சுத்தி நிறுத்தணும்லா?” என்றார் இவர். “என்னத்துக்கு? அதெல்லாம் வேண்டாம் சார், ஒரே சுத்து” என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவர் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றார். இத்தனை நாள் இது அவர் இல்லாமலும் ஓடியிருக்கிறது. கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை, மாடிப்படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாகக் காலை வைத்ததுபோல உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. காலை வைத்த வேகத்திலேயே நடந்தார். எத்தனை எட்டு என்று தெரியாது. ஹெப்சிபா டீச்சர் சத்தம் கேட்டு வராந்தாவில் நின்றிருந்தார், கையில் பாதி திருத்திய விடைத்தாள். அவர் திருத்தட்டும் என்று இவர் நிற்கவில்லை. “டீச்சர், எங்க அக்கா வண்டியில போறா. ஊரை விட்டே போறா. பாத்துட்டு வந்துருதேன்” என்றார். டீச்சர் மணியைப் பார்த்தார். “மதுரை வண்டியா? அதுக்கு நேரம் ஆச்சே. இதை ஏன் சார் முன்னமே சொல்லல? போங்க, போங்க.” “கம்ப்யூட்டர்…” “நான் போய் உக்காந்துக்கிடுதேன். திருத்துறத அங்க உக்காந்து திருத்துறேன். போங்க சார்.”

போங்க. அவ்வளவுதான் அந்தச் சொல். பூட்டுச் சாவியைத் தேடி வீடெல்லாம் புரட்டிவிட்டுக் கதவைத் தள்ளினால் திறந்திருந்த மாதிரி. சைக்கிள் ஓடியதா, இவர் மிதித்தாரா, தெரியவில்லை. சந்தைத் தெருவில் ஒரு ஆட்டோக்காரர் ஏதோ திட்டினார். அன்றைக்கும் இதே சொல்தான் இருந்திருக்கும், இதே டீச்சர், இதே வராந்தா, ‘போங்க சார், கல்யாணத்துக்கு ஏன் முன்னமே சொல்லல’ என்றுதான் சொல்லியிருப்பார், மொய் வைக்க ஒரு கவர்கூடக் கொடுத்தனுப்பியிருப்பார். அக்காவைப் பார்த்து என்ன சொல்வது? நாற்பத்தெட்டு வினாடியைவிட அதிகமாக இருக்கிறது இரண்டு நிமிஷம். வழி நெடுக அது ஒன்றுதான். பார்க்காமல் திரும்பிவிடலாம், கேட் சாத்திவிட்டான் என்று பிரமுவிடம் சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. கேட் சாத்தித்தான் இருந்தது. நாலைந்து பேர் குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் அதுவரை அப்படி நுழைந்ததில்லை, நுழைகிறவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர். சைக்கிளை வேலியில் சாய்த்தார். பூட்டவில்லை. குனிந்தார். முதுகில் கம்பி இடித்தது.

வண்டி நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்தது, இரண்டு நிமிஷத்தில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. இன்ஜின், ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது பெட்டியின் ஜன்னலில் அக்கா இருந்தாள். தலை முழுதும் வெளுத்திருந்தது. கம்பியைப் பிடித்த கையில் வளையல் மணிக்கட்டை விட்டு முழங்கை வரை வழிந்து கிடந்தது, அவ்வளவு மெலிந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. “வேர்த்து ஊத்துதே. ஓடியா வந்த?” “கேட்டைச் சாத்திட்டான்.” “லீவு குடுத்தாவளா?” அதில் குத்தல் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. “கேட்டேன். போங்கன்னாவ.” “அவ்வளவுதானா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “அவ்வளவுதான்க்கா. அன்னைக்கும் இதே டீச்சர்தான். கேட்டிருந்தா விட்டிருப்பாவ. நான் கேக்கவே இல்ல. லீவு தரலன்னு உங்கிட்டச் சொன்னது பொய்.” முன்னால் எங்கோ விசில் ஊதினார்கள். பக்கத்து இருக்கையில் முறுக்கு தின்றுகொண்டிருந்த ஒரு பெண் தின்பதை நிறுத்திவிட்டாள். “கோட்டிக்காரா” என்றாள் அக்கா. “இதை எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத? பந்தல்ல தனியா நடந்து வந்தவ நானா? அவ. ‘மாமாவுக்கு என்னம்மா ஆச்சு, உடம்புக்கா’ன்னு கேட்டுட்டே வந்தா. அவகிட்டச் சொல்லு.” வண்டி அசைந்தது. கோமதிநாயகமும் நடந்தார். “போன்லயா?” “போன்ல என்னத்தச் சொல்லுவ, ம் கொட்டுவ. நேர்ல வந்து சொல்லு. புனேக்கு வா.” “அவ்வளவு தூரமாக்கா?” “ஆமாடே, அவ்வளவு தூரம்தான்.” ஜன்னல் அவரை விட்டு முன்னால் போயிற்று. அவள் கம்பிக்கு வெளியே முகத்தைத் திருப்பிக் கத்தினாள். “வருவியா மாட்டியா? பாப்போம்னு சொல்லாத!”

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோமதிநாயகம் கையை வாயருகே குவித்துக்கொண்டு, சக்கரச் சத்தத்துக்கு மேலே, தொண்டை கிழியக் கத்தினார்:

“லீவு கேட்டுட்டு வாறேன்க்கா!”